உடும்புத் தோலும் கஞ்சிரா நாதமும்

'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பற்றியதை விடாத உடும்பின் பிடியை அறிந்த வேட்டைக்காரர் வாயில் பிறந்த சொல்லாக இது இருக்க வேண்டும். கடந்த ஐம்பது ஆண்டுகளாகக் கர்நாடக இசையுலகின் ஒரு சிறு பகுதியினருக்கு இப்பழமொழி வேறொரு பொருளில் பொருந்தி வந்துள்ளது. அவர்கள் கஞ்சிராக் கலைஞர்கள். அவர்களுடைய கருவியின் முகத்தைப் போர்த்தியிருந்தது உடும்பின் தோல். அந்த உடும்பு இன்று இந்தியச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்ற விலங்குகளுள் ஒன்று. தோலை விட்டால் நாதம் போய்விடுமோ என்ற அச்சம் ஒரு புறம், விடாவிட்டால் சிறை என்ற சட்டம் மறு புறம். இந்த இக்கட்டு எவ்வாறு உருவாயிற்று, அதன் சுமை யார் தோளில் இறங்கியது, இனி என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் கருவியைப் பற்றி.

கஞ்சிரா பார்வைக்கு மிக எளிய கருவி. பலாமரத்தில் கடைந்த ஒரு வட்டச் சட்டம், ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது அங்குல விட்டம், ஒரு புறம் மட்டும் ஒட்டப்பட்ட தோல், சட்டத்தில் வெட்டிய ஒரு துளையில் கோத்த சில காசுகள். அவ்வளவே. மிருதங்கத்தைப் போல வாரில்லை, கரணையில்லை, சுருதி கூட்டும் கட்டையில்லை. தோலின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தடவி, அது ஊறித் தளரும் பதம் பார்த்து வாசிக்க வேண்டும். கச்சேரி நடுவே தோல் காய்ந்தால் ஒலி ஏறிவிடும், மீண்டும் தண்ணீர். குளிரூட்டிய சபாக்களில் இந்தத் தொல்லை அதிகம். கலைஞர் அருகில் வைத்திருக்கும் தண்ணீர்க் குப்பி தொண்டைக்கு மட்டும் உரியதன்று என்பது இசை கேட்போர் அறிந்த செய்தி.

சட்டத்தைப் பிடித்திருக்கும் இடக்கையின் விரல்கள் தோலை அழுத்தியும் தளர்த்தியும் வலக்கையின் அடியிலிருந்து வளைந்தெழும் 'கும்கி'யை வரவழைக்கின்றன. கஞ்சிராவின் தனித்தன்மை இந்த வளைவே. ஒரு சிறு வட்டத்திலிருந்து அடிவயிற்றைத் தொடும் மந்தர ஒலி எழுவதற்குத் தோல் மெல்லியதாகவும் இழுபடக் கூடியதாகவும், அதே வேளை கிழியாததாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்று பண்புகளும் ஒருங்கே அமைந்தது உடும்புத் தோல். ஆட்டுத்தோல் தடித்தது, விரல் அழுத்தத்திற்கு அதே நெகிழ்வுடன் இணங்குவதில்லை. கலைஞர்கள் உடும்புத் தோலை விரும்பியதற்குக் காரணம் மூடநம்பிக்கை அன்று. இதனை நாம் முதலிலேயே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆனால் கச்சேரி மேடையில் கஞ்சிராவின் வயது எவ்வளவு? நம்மில் பலர் எண்ணுவது போல அது தொன்றுதொட்டு வந்த பக்கவாத்தியம் அன்று. பஜனைக் கூட்டங்களிலும் தெருப்பாட்டிலும் ஒலித்த எளிய கருவியைச் செப்பம் செய்து கச்சேரிக்குரியதாக ஆக்கியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். அரண்மனையில் விளக்கேற்றும் பணியில் இருந்தவர் என்பர். தஞ்சையின் பெருமிருதங்கக் கலைஞர் நாராயணசாமி அப்பாவின் முன் வாசித்து அவருடைய பாராட்டைப் பெற்ற பிறகே கஞ்சிராவுக்கு மேடையில் இடம் உறுதியாயிற்று என்பது இசையுலக மரபுச் செய்தி. அவருடைய மாணாக்கர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936), பழனி முத்தையா பிள்ளை ஆகியோர் வழியே புதுக்கோட்டைப் பாணி வளர்ந்தது. முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) மிருதங்கத்துடன் கஞ்சிராவிலும் சிறந்தார். பின்னாளில் ஜி. ஹரிசங்கர் (1958–2002) அக்கருவியின் எல்லையை விரித்தார். வி. செல்வகணேஷ் அதனை உலக மேடைக்குக் கொண்டு சென்றார். அவர் இடம்பெற்ற 'சக்தி' குழுவின் இசைத்தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. ஆக, மான்பூண்டியா பிள்ளையிலிருந்து இன்றுவரை எண்ணினால் நான்கு அல்லது ஐந்து தலைமுறை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

பாணரும் உடும்பும்

உடும்புக்கும் தமிழ்ப் பாடகனுக்கும் உள்ள உறவு கஞ்சிராவைவிட மிகப் பழையது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வழிச்செல்லும் பாணர் சுற்றத்துக்கு எயினர் குடியில் விருந்து கிடைக்கிறது. மேட்டு நிலத்தில் விளைந்த செந்நெல் சோறும், நாய் பிடித்துத் தந்த முட்டை நிறைந்த உடும்பின் பொரியலும் அவ்விருந்து. புறநானூற்றின் 68ஆம் பாடலில் கோவூர்கிழார் பாணனின் வறுமையைச் சொல்லும்போது, தோலுரித்த உடும்பைப் போல் எலும்புகள் எழுந்து தோன்றும் விலாவைக் காட்டுகிறார். ஓரிடத்தில் உடும்பு பாணனின் உணவு. மற்றோரிடத்தில் அவனுடைய மெலிந்த உடலுக்கே உவமை.

கருவிக்குத் தோல் போர்த்துவது பற்றியும் சங்கப் பாடல்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. பொருநராற்றுப்படை யாழின் பத்தரைப் போர்த்திய தோலின் நிறத்தை வருணிக்கிறது. புறநானூற்றின் 288ஆம் பாடல், தம்முள் பொருத இரு காளைகளில் வென்றதன் தோலை மயிர் சீவாமல் போர்த்திய முரசைச் சொல்கிறது. எந்த விலங்கின் தோல் என்பது நம் முன்னோர்க்குப் பொருளற்ற செய்தியாக இருந்ததில்லை. தோலில் ஒலியும் இருந்தது, வீறும் இருந்தது.

இவற்றை நாம் நினைவூட்டுவதற்கு நிலம் சார்ந்த காரணமும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் பழைய ஓய்மாநாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய பகுதி. எயிற்பட்டினம் மரக்காணம் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். சீறியாழ் ஏந்திய பாணன் நடந்த கடற்கரை வழியில் இன்று மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் மின்னுகின்றன. உப்புக்கும் தோற்கருவிக்கும் தொடர்பு இல்லாமலில்லை. உரித்த தோலைக் கெடாமல் காப்பதற்கு முதலில் தேவைப்படுவது உப்பு.

செம்மண் மேடுகளும், மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்களும், முந்திரித் தோப்புகளும் நிறைந்த இப்பகுதி உடும்பு வாழ்வதற்கு ஏற்ற நிலம். 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்ட பின், வறண்டு கிடந்த மேட்டு நிலத்தில் இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டினை மீட்கும் பணி நடந்தது. வடக்கே கழுவெளி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகளும் பல உள்ளன. ஆகவே உடும்பு, அதனைப் பிடித்துப் பழகிய மக்கள், அதனைக் காக்கும் சட்டம் ஆகிய மூன்றும் ஒரே நிலத்தில் எதிர்ப்படும் இடம் இது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, அருகிவரும் விலங்குகள், தாவரங்களின் வணிகத்தை நெறிப்படுத்துவது. சைட்டீஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது. அது 1975 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் அதில் இணைந்தது. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வங்காள உடும்பு அவ்வுடன்படிக்கையின் முதல் இணைப்பில் தொடக்கம் முதலே உள்ளது. அதாவது எல்லை கடந்த வணிகம் முற்றிலும் தடை. உள்நாட்டுச் சட்டத்திலும் அது முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில் நிற்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து அட்டவணைகளைச் சுருக்கி அமைத்தபோதும் உடும்பின் இடம் மாறவில்லை. முதல் அட்டவணை விலங்கைப் பொறுத்த குற்றத்திற்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7 ஆண்டு சிறை, தண்டமும் உண்டு.

இசைக் கலைஞரைத் தொடும் கூறுகள் சிலவற்றைத் தனியே பார்க்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் கஞ்சிரா 'விலங்குப் பொருள்' என்ற வகையில் அடங்கும். 39ஆம் பிரிவின்படி சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடப்பட்ட விலங்கும் அதிலிருந்து செய்த பொருளும் அரசின் சொத்து. 57ஆம் பிரிவின்படி அத்தகைய பொருளை வைத்திருப்பவர், அது முறையாக வந்தது என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும்; மெய்ப்பிக்கும் வரை அது முறையற்றது என்றே கொள்ளப்படும். பாட்டனார் காலத்துக் கஞ்சிராவுக்கு யாரிடம் ரசீது இருக்கும்?

இதற்கு ஒரு வாயில் திறக்கத்தான் செய்தது. கையிருப்பில் உள்ள காட்டுயிர்ப் பொருட்களை அறிவிக்க 2003இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஏப்ரல் 18 முதல் 180 நாட்கள் கெடு. அறிவித்தவர்கள் உடைமைச் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழ் பெற்ற பொருளும் மரபுரிமையாக மகனுக்கோ மகளுக்கோ போகலாமேயன்றி விலைக்குப் போகக் கூடாது. யானைத் தந்தமும் புலித்தோலும் வைத்திருந்த சமீன்தார் குடும்பங்களுக்கு அந்த அறிவிப்பு எட்டியிருக்கலாம். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் தோல் வாங்கி ஒட்டி வாசித்த பக்கவாத்தியக்காரருக்குத் தம் கருவி 'காட்டுயிர்க் கையிருப்பு' என்ற எண்ணமே தோன்றியிருக்காது. சட்டம் எழுதியவர் மனத்தில் இருந்தது வேட்டைக் கோப்பை, இசைக்கருவி அன்று.

உடும்பை அழித்தது யார்?

இவ்விடத்தில் ஒரு நியாயமான வினா எழும். நாடு முழுவதும் எத்தனை கஞ்சிராக் கலைஞர்கள் இருந்துவிடப் போகிறார்கள்? அவர்களாலா உடும்பு அருகிற்று?

இல்லை என்பதே விடை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலிருந்து பாம்புத் தோலும் உடும்புத் தோலும் பெருந்தொகையாக மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. கைப்பை, இடைவார், காலணி ஆகியவற்றுக்கு அவை சென்றன. கறிக்காகவும், மூட்டு வலி தீர்க்கும் என்ற நம்பிக்கையில் எண்ணெய்க்காகவும் நடந்த வேட்டை இதற்கு மேல். அண்மைக் காலத்தில் இன்னொரு கொடுமை சேர்ந்தது. ஆண் உடும்பின் பிறப்புறுப்பை உலர்த்தி, 'ஹத்தா ஜோடி' என்னும் அரிய வேர் என்று பெயரிட்டு, செல்வம் தரும் தாயத்தாக இணையக் கடைகளில் விற்றது 2017இல் வெளிப்பட்டது. இவற்றோடு ஒப்பிடுகையில் தாளவாத்தியத்தின் தேவை கடலில் ஒரு துளி.

ஆயினும் துளி என்பதாலேயே அதற்கு விலக்கு அளித்துவிட முடியாது. 'கருவிக்காக' என்ற ஒரு சந்து திறந்தால் அதன் வழியே கைப்பையும் தாயத்தும் புகுந்துவிடும். தந்த வணிகத்தில் இதுவே நடந்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்தத்தின் உள்நாட்டு வணிகத்தைத் தடுத்தது. உடனே, எங்களுடையது ஆப்பிரிக்கத் தந்தம் என்றனர் வணிகர். 1991இல் அதுவும் தடுக்கப்பட்டது. பின்னர், எங்களுடையது பனியுகத்தில் அழிந்த மாமூத யானையின் தந்தம் என்று ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தந்தம் எதுவாயினும் தடை செல்லும் என்று 2003இல் தீர்ப்பாயிற்று. விலக்கு என்ற சொல்லைக் கண்டு சட்டம் ஏன் அஞ்சுகிறது என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

தந்தத் தடை தஞ்சாவூர் வீணையையும் நாகசுரத்தையும்கூடத் தொட்டது. வீணையின் விளிம்புகளில் தந்தமும் மான்கொம்பும் பதித்த இடத்தில் இன்று வெண்ணிற நெகிழித் தகடு இருக்கிறது. நாகசுரத்தோடு தொங்கும் சீவாளிக் கொத்தில், சீவாளியைச் சரிசெய்யும் ஊசி முன்பு தந்தத்தாலோ கொம்பாலோ ஆனது. இவ்விரண்டிலும் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் ஒலி பலாமரத்திலிருந்து வருவது, தந்தத்திலிருந்து அன்று. கஞ்சிராவின் நிலை வேறு. அங்கே தடை செய்யப்பட்ட பொருளே ஒலிக்கும் பொருள்.

வேட்டைக்காரரின் நிலை

கலைஞருக்கு ஒலி போயிற்று என்கிறோம். தோலைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு என்ன போயிற்று?

இருளர் போன்ற பழங்குடியினர் பாம்பும் உடும்பும் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். புற்றின் வாயிலுள்ள தடத்தைக் கண்டு உள்ளிருப்பது எது என்று சொல்லும் அறிவு அவர்களுடையது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோது அவர்களுடைய வருவாய் ஒரே நாளில் குற்றமாயிற்று. அந்தமான் நிக்கோபார்ப் பகுதியில் நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு இச்சட்டத்தின் 65ஆம் பிரிவு வேட்டையுரிமையை விட்டு வைத்தது; தமிழகக் கடற்கரையின் இருளருக்கு அப்படி ஏதுமில்லை. நாளேடுகளில் உடும்பு வேட்டை பற்றி நாம் வாசிக்கும் கைதுச் செய்திகளில் பெரும்பாலும் காண்பது ஒன்றிரண்டு உடும்புகளைக் கறிக்காகப் பிடித்த ஏழைகளையே. கலையின் இழப்பைப் பற்றி எழுதும் நாம் இதனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனால் பாம்பைப் பொறுத்தவரை இங்கே ஒரு நல்ல மாற்று பிறந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கியது. அரசின் உரிமத்துடன் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அதன் முறை. அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடி முறிமருந்து ஆக்கப்படுகிறது. இக்குடியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தடை ஒரு தொழிலை மூடியபோது அத்தொழிலின் அறிவை வேறு பணிக்குத் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. உடும்புத் தோலுக்கும் கருவி செய்வோருக்கும் இப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை என்பதே நம் குறை.

பிற நாடுகளில், பிற மாநிலங்களில்

இவ்விக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் எர்ஹூ என்னும் இருதந்தி வில்லிசைக்கருவி மலைப்பாம்புத் தோலால் ஒலிப்பது. சீன அரசு 2005 முதல், முறையாகப் பெற்ற தோலால் செய்த எர்ஹூவுக்குச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. ஹாங்காங் சீன இசைக்குழு அதற்கும் ஒரு படி மேலே சென்று, 2000களில் தன் ஆய்வுப் பிரிவில் பாலியெஸ்டர் படலம் போர்த்திய கருவிகளை உருவாக்கி, தன் குழு முழுவதற்கும் அவற்றையே ஆக்கிக்கொண்டது. ஓர் இசைக்குழுவே ஆய்வகம் வைத்து மாற்றுத் தோலைத் தேடியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மேலையிசையில் வயலின் வில்லின் நுனியில் பதித்த சிறு தந்தத் துண்டு பெரும் தொல்லை தந்தது. 2014இல் அமெரிக்கா சென்ற புதாபெஸ்ட் விழா இசைக்குழுவின் ஏழு விற்களை நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்து வைத்தனர். தண்டம் கட்டிய பின்னரே திரும்பக் கிடைத்தன. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் இரண்டாம் இணைப்பில் சேர்ந்தபோது, கிதார் வைத்திருப்போர் உலகெங்கும் கலங்கினர். முடிவில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு வந்தது. இசைக்கலைஞர்களும் கருவி செய்வோரும் ஒன்றுகூடிப் பேசியதால் கிடைத்த விலக்கு அது. 2013இல் பாங்காக் மாநாட்டில் 'இசைக்கருவிச் சான்றிதழ்' ஒன்றும் வகுக்கப்பட்டது. மூன்றாண்டு செல்லும் கடவுச்சீட்டைப் போன்றது. ஆனால் உடும்பு முதல் இணைப்பில் உள்ளதால், அவ்வினம் பட்டியலில் சேரும் முன்பே பெறப்பட்ட தோல் என்று காட்டினாலன்றி அச்சான்றிதழ் நம் கஞ்சிராவுக்குப் பயன்படாது. 1975க்கு முந்தைய தோல் இன்றும் கிழியாமல் யாரிடம் உள்ளது?

நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு கோவா. அங்கு 'குமட்' என்னும் மண்பானைக் கருவி விநாயகர் வழிபாட்டிலும் கிறித்தவர் பாடும் மாண்டோ இசையிலும் ஒருங்கே ஒலிப்பது. அதன் வாயையும் உடும்புத் தோலே மூடியிருந்தது. தடைக்குப் பின் ஆட்டுத்தோலுக்கு மாறினர். கோவா அரசு 2019இல் அதனை மாநிலத்தின் மரபுரிமை இசைக்கருவியாக அறிவித்தது. தடைசெய்யப்பட்ட தோலைக் கைவிட்ட கருவிக்கே அரசு மரபுரிமைப் பட்டம் வழங்கியது என்பதில் ஒரு பாடம் உண்டு. கேரளத்தில் நாகர் வழிபாட்டில் பாடும் புள்ளுவர்களின் வீணையும் உடும்புத் தோல் போர்த்தியதே. அவர்களுக்காகப் பேச சபாக்களும் இல்லை.

மாற்றுத் தோலும் மரபும்

கஞ்சிரா உலகிலும் மாற்றம் நிகழாமல் இல்லை. ஆட்டுத்தோல் கஞ்சிராவும் செயற்கைப் படலக் கஞ்சிராவும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. வெளிநாடு செல்லும் கலைஞர்கள் அவற்றையே எடுத்துச் செல்கின்றனர். செயற்கைப் படலத்துக்குத் தண்ணீர் வேண்டாம், குளிரூட்டியால் சுருதி ஏறாது, விமான நிலையத்தில் வினா இல்லை. ஆனால் அந்த வளைந்தெழும் மந்தர ஒலியில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது பழைய வாசிப்பைக் கேட்டோர் கூற்று. ஹரிசங்கரின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது வெறும் பிடிவாதமாகத் தோன்றாது.

இங்கேதான் நாம் முன்பு சொன்ன தலைமுறைக் கணக்கு தேவைப்படுகிறது. கச்சேரிக் கஞ்சிராவின் வயது ஐந்து தலைமுறைக்கு மேற்பட்டதன்று. அதில் கடைசி இரண்டு தலைமுறைகள் சட்டத்தின் நிழலிலேயே வாசித்தவை. 'மரபை மாற்றலாகாது' என்று இங்கு வாதிடுவோர், மான்பூண்டியா பிள்ளையே ஒரு மரபை மாற்றியவர் என்பதை மறந்துவிடுகின்றனர். நாகசுரத்தை எடுத்துக்கொள்வோம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த பாரி நாயனம், முந்தைய திமிரி நாயனத்திலிருந்து நீளத்திலும் சுருதியிலும் வேறுபட்டது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்காக ஆச்சா மரத்தில் கடைந்து கடைந்து பார்த்துச் சுத்த மத்திமம் சரியாகப் பேசும் கருவியைத் தந்தார். அந்த ஊரின் நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. மேலைநாட்டு முரசுகளில் 1950களின் பிற்பகுதி வரை கன்றுத்தோல் இருந்தது. மைலார் படலம் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் அதன் ஒலியே இயல்பான ஒலியாயிற்று. கருவிகள் மாறிக்கொண்டேதான் வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் கலைஞர் ஒருவரும் கைவினைஞர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கஞ்சிராவுக்கு அமையாதது அந்த இருக்கையே. மாற்றுத் தோல் பெரும்பாலும் கடைச்சரக்காக வந்து சேர்ந்தது. கலைஞரின் விரலும் கைவினைஞரின் கையும் ஒலியியலாரின் அளவுகோலும் ஒரே பட்டறையில் கூடியதன் விளைவாக வரவில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் உழைப்பு இசை வரலாற்றில் எவ்வளவு மறைக்கப்பட்டது என்பதை டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) நூல் எடுத்துக்காட்டிற்று. கஞ்சிரா செய்தவர்களைப் பற்றி அப்படி ஒரு நூலும் இல்லை.

செய்யத் தக்கவை சில உள. முதலாவது, எஞ்சியுள்ள பழைய கஞ்சிராக்களைப் பதிவு செய்ய இசைக்கருவிகளுக்கெனத் தனி அறிவிப்பு வேண்டும். தண்டனை அச்சம் இல்லாத குறுகிய கெடுவும், விற்பனைக்குத் தடையும், விரும்பினால் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் வழியும் அதில் இருத்தல் வேண்டும். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இதற்கு இயல்பான இடம். இரண்டாவது, அவற்றின் ஒலியை முறையாகப் பதிவுசெய்து அளக்க வேண்டும். எதனை இழக்கிறோம் என்று அறியாமல் அதற்கு மாற்றுத் தேட இயலாது. மூன்றாவது, மாற்றுத் தோலைத் தேடும் பட்டறைப் பணி. தோலியல் ஆய்வுக்கெனச் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. குயிலாப்பாளையத்தின் அண்டையில், ஆரோவில்லில் 2003இல் தொடங்கப்பட்ட 'ஸ்வரம்' பட்டறை சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்குக் கருவி செய்யும் பயிற்சி தந்து வருகிறது. அறிவியலும் கைவினையும் உள்ளூர்க் கைகளும் நூறு கல் தொலைவுக்குள் இருக்கையில், ஹாங்காங்கில் முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல நமக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆட்டுத்தோலை மெலிவித்தும் பதப்படுத்தியும் அந்த நெகிழ்வை எட்ட முடியுமா என்பது ஒரு நல்ல ஆய்வு மாணவரின் சில ஆண்டு உழைப்பு.

சட்டத்தைத் தளர்த்தக் கோருவது நம் நோக்கமன்று. உடும்பு உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு விலங்கைக் காப்பதற்காக ஓர் ஒலியை விட்டுக்கொடுக்கும்போது, விட்டுக்கொடுத்தது இன்னதென்று எழுதி வைப்பதும், அதன் சுமையைத் தோல் பிடித்தவர், கருவி செய்தவர், வாசித்தவர் என எளியவர் தலையில் மட்டும் இறக்கிவிடாமல் இருப்பதும் சமூகத்தின் கடமை என்கிறோம். உடும்பு தன் கையை விட்டுவிட்டது. பழைய கருவிகளின் தோல் ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகக் கிழிந்து வருகிறது. அவற்றை வாசித்த விரல்களுக்கும் வயதாகிறது. அளந்து பதிவுசெய்ய வேண்டியதை இந்தப் பத்தாண்டுக்குள் செய்தாக வேண்டும். அதன்பின் ஒப்பிடுவதற்கு நம்மிடம் ஒலித்தட்டுகள் மட்டுமே இருக்கும்.